பட்டன் சேனையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்

பட்டன் கடைக்குள் நுழைய எனக்கு இன்றைக்கும் பயம். சொன்னால் சிரிப்பீர்கள். பல்லிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, இடிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. பட்டனுக்குப் பயப்படுகிறவள் திருப்பூரில் எப்படிப் பிழைப்பு நடத்தினாள் என்று கேட்பீர்கள். போன வாரம் பேரனுடைய சட்டையில் பட்டன் தெறித்துவிட்டது, அதே மாதிரி ஒன்று வாங்கி வாருங்கள் என்று மருமகள் அனுப்பினாள். கடைக்காரர் ஒரு பாலிதீன் மூட்டையைப் பிரித்து மேசைமேல் கொட்டினார். புதுப் பட்டனுக்கு ஒரு வாசனை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? புளித்த மோரும் புது பிளாஸ்டிக் குடமும் சேர்ந்த மாதிரி. அது மூக்கில் ஏறியதும் என் நாக்கு தானாகப் போய் முன்பற்களைத் தடவிப் பார்த்தது. பல்லுக்கும் பட்டனுக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் டெலக்ஸ் ஆபரேட்டர். டெலக்ஸ் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தட்டச்சு மெஷினும் தந்தியும் கல்யாணம் செய்து பெற்ற பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே தட்டினால் கடல் தாண்டி ஒரு ஆபீசில் அச்சாகும். நாள் முழுக்க யாரோ சொன்னதை யாருக்கோ தட்டுவேன். சாயம் ஒட்டவில்லை, ஷிப்மெண்ட் தாமதம், மன்னிக்கவும். என் சொந்த வார்த்தை ஒன்றுகூட அந்த மெஷினில் போனதில்லை. அறையில் குளிர்சாதனம் இருந்தது, அது மெஷினுக்காக. எனக்கும் கொஞ்சம் பட்டது.

அந்த அறைக்குத்தான் ஒரு நாள் இங்கிலாந்திலிருந்து துணி வாங்க வந்திருந்த வயதான பையர் வந்து உட்கார்ந்தார். சாயப்பட்டறையிலிருந்து துணி வரவில்லை, மனிதருக்கு வெயில் தாங்கவில்லை. மேசைமேல் கிடந்த சாம்பிள் பட்டன்களை எடுத்து, வெள்ளையை இந்தப் பக்கமும் கறுப்பை அந்தப் பக்கமும் வரிசையாக வைத்தார். ஒன்றை நகர்த்தினார், யோசித்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து இன்னொன்றை நகர்த்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிரி யார் என்று கேட்டேன். தன் நெஞ்சையே தொட்டுக் காட்டினார்.

போர் விளையாட்டாம். படையை நிறுத்தி, பகடை உருட்டி, யார் பிழைத்தார் யார் விழுந்தார் என்று பார்ப்பது. கூட்டாளி கிடைக்காதவர்கள் இரண்டு பக்கத்தையும் தாங்களே ஆடுவார்களாம். அப்படிப்பட்டவர்களுக்கு அவர் ஊரில் ஒரு சங்கமே இருக்கிறது என்றார். நான் நம்பவில்லை. ஆனால் சில மாதம் கழித்து கம்பெனி விலாசத்துக்கு என் பெயர் போட்டு ஒரு உறை வந்தது. உள்ளே சங்கத்தின் சிறு பத்திரிகை, கூடவே என் பெயர் தட்டச்சு செய்த உறுப்பினர் அட்டை. கிழவர் என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்டார்.

அம்மாவிடம் காட்டினேன். அப்பா போனபின் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா வீட்டிலேயே பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள். சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் கத்தரி நின்றுவிட்டது.

"சங்கத்துல சேந்தா கம்பெனில சேத்த மாட்டாங்க கண்ணு. கொடி புடிக்கச் சொல்லுவாங்க."

"இது வெளாட்டுச் சங்கம்மா. எல்லாரும் அவங்கவங்க ஊட்ல தனியா வெளாடறது."

"தனியா வெளாடறதுக்கு எதுக்குச் சங்கம்?"

அவள் கேட்டதும் நியாயம்தான். நம் ஊரில் சங்கம் என்றால் மாலை, மைக், தீர்மானம். இந்தச் சங்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. பத்திரிகையில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். எல்லாரும் மறுபடி மறுபடி எழுதியது ஒரே சங்கடத்தைப் பற்றித்தான்: எதிரி என்ன நினைக்கிறான் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறதே, நானே அவன்தானே, என் திட்டத்தை நானே எனக்குத் தெரியாமல் எப்படி மறைப்பது? அதற்காகச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடு, பகடையைக் கேள் என்று ஆளுக்கொரு உபாயம். படித்துப் படித்து எனக்குப் பித்துப் பிடித்தது. சின்ன வயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம், மேனேஜருக்குப் பயம், ரோட்டைக் கடக்கப் பயம். அந்த விளையாட்டு அட்டைமேல் மட்டும் நான் தளபதி. நான் சொன்னால் படை நகரும்.

பட்டன்கள் தந்தது காதர் பாய். கம்பெனிக்குப் பட்டனும் எலாஸ்டிக்கும் போடுகிறவர். மிஞ்சினதையெல்லாம் ஒரு பையில் போட்டு, "எடுத்துக்க தாயி, சோளம் மாதிரி வெதைச்சுப் பாரு" என்று கொடுத்தார். ஏற்றுமதி அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்பக்கம் டெய்லர் சாக்பீசில் கட்டம் போட்டேன். பெயின்டுக்கு எங்கே போவது? சமவெளிக்கு மஞ்சள்தூள், கோட்டைக்குக் குங்குமம், காட்டுக்கு அடுப்புக்கரி. எல்லைக்குக் கறுப்பு நூலும் சிவப்பு நூலும். மலைக்குக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே பயமாக இருக்கிறது. இதைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று அப்போது ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் குடியிருந்தது ஒரு வளவு. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள், நடுவில் பொது வாசல், தண்ணீர் பிடிக்க ஒரு நல்லி. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சரசு. புருஷன் பழனிசாமி நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். அவர்களுக்கு செல்வி என்று மூன்று வயதுப் பெண். அக்கா என்று சொல்ல வராது, "அக்கு" என்பாள். நான் வேலை விட்டு வந்தால் என் கைப்பையைத் திறந்து பார்ப்பது அவளுடைய உத்தியோகம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா பொங்கலூருக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீருக்குப் போயிருந்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் படைக்கு நெருக்கடி. எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, கறுப்புத் தளபதியாக வாய்விட்டு உத்தரவு போட்டேன். பகடையை உருட்டினேன். வெள்ளையில் ஒரு சின்னப் பட்டன் விழுந்தது. விதிப்படி அதை அட்டையிலிருந்து எடுத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சரசு அலறினாள்.

நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஓடவில்லை. அந்தப் பட்டனைத் திரும்ப அதே கட்டத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று நாற்பது வருஷமாக என்னையே கேட்கிறேன். வைத்துவிட்டுத்தான் ஓடினேன்.

செல்விக்கு இழுப்பு. கண் சொருகி, வாயில் நுரை. இரண்டு நாளாகவே காய்ச்சலாம், கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "இரும்பு குடுங்க, கையில சாவியக் குடுங்க" என்று யாரோ கத்தினார்கள். வீட்டுக்காரம்மா, எங்களுக்கெல்லாம் வீடு வாடகைக்கு விட்டிருந்தவர், திறந்து கிடந்த என் வீட்டுக்குள் சாவி தேடி நுழைந்தார். நுழைந்த வேகத்தில் வெளியே வந்தார்.

"ஐயோ சாமி, இங்க வந்து பாருங்க! இங்க வந்து பாருங்க!"

மஞ்சள், குங்குமம், கரி, கறுப்பு நூல், கவிழ்த்த கொட்டாங்குச்சி. எதிர்வீட்டுப் பாட்டம்மா வேறு சொன்னார், இந்தப் பிள்ளை தனக்குத்தானே பேசுவதையும், எழுந்து எழுந்து இடம் மாறி உட்காருவதையும் ஜன்னல் வழியாகப் பல நாள் பார்த்திருக்கிறேன் என்று. பழனிசாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டிருந்தான், சரசு தலைவிரிகோலமாகப் பின்னாலேயே. மிச்சப் பேர் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடிக்க வருவார்கள் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டினேன். யாரும் வரவில்லை. எல்லாரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். அடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"அது வெளாட்டுங்க" என்றேன்.

சாயங்காலம் அம்மா வந்தாள். விஷயம் வாசலிலேயே காதில் விழுந்திருக்கும். உள்ளே வந்து, அட்டையைப் பார்த்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "நெசமாச் சொல்லு கண்ணு. வேற ஒண்ணும் இல்லீல்ல?"

பெற்ற தாய். எனக்கு அழுகைகூட வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. பட்டனை எடுத்தேன், பிள்ளைக்கு இழுப்பு வந்தது. எடுத்தது முன்னாலா, அலறல் முன்னாலா? நினைக்க நினைக்க வரிசை குழம்பியது.

மறுநாள் நல்லியில் நான் குடம் வைத்ததும் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் வேப்பிலை. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பிள்ளைக்கு நினைவு வந்து வந்து போகிறது என்று பேச்சு. வேலை முடிந்து திரும்பும்போது வாசலில் ஆண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தெற்கேயிருந்து வந்து டெய்லராக இருந்த ஒருத்தன், மிரட்டலாக இல்லை, சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்க ஊர்ப் பக்கம்னா முன்பல்லத் தட்டிருவாவ. பல்லு போச்சுன்னா மந்திரம் பலிக்காதுல்லா."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வாயை இறுக மூடிக்கொண்டு அவர்களைத் தாண்டி நடந்தேன். வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, நாக்கால் பற்களைத் தடவினேன். அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான், இன்னும் போகவில்லை.

அடுத்த நாள் காய்ச்சல் என்று ஆபீசுக்குப் போகவில்லை. மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். அம்மாவும் நானும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். "அக்கா, நான்தானுங்க" என்று சரசுவின் குரல். திறந்தேன். துணிமணி எடுத்துப்போக வந்திருக்கிறாள். இரண்டு நாளில் பாதியாகிவிட்டிருந்தாள். உள்ளே வந்து அவளே கதவைச் சாத்தினாள்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தாள்.

"நீங்க வெச்சதா இருந்தா எடுத்துருங்க்கா."

"சரசு, எந்திரி. அது வெளாட்டு. தாயம் மாதிரி. சத்தியமா வெளாட்டு."

"வெளாட்டுக்கு வெச்சதா இருந்தாலுஞ் செரிங்க. எடுத்துருங்க."

என்ன சொன்னாலும் அந்தச் சொல்லுக்குள் வேறு அர்த்தம் நுழைந்துகொண்டது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"கண்ணு முழிக்கறா, மறுபடி சொருகிக்கறா. டாக்டரு ஊசி போட்டுட்டு இருக்கறாருங்க. காச்சல் எறங்குனாச் செரியாப்போகும்ங்கறாரு. எங்க மாமியா கேக்க மாட்டீங்கறாங்க. செய்வினையாமா, ஊசில நிக்காதாமா. காங்கயத்துப் பக்கம் ஒருத்தரு எடுக்கறாராமா. சாயங்காலம் புள்ளையத் தூக்கீட்டுப் போறதுக்குக் காரு சொல்லீட்டாங்க."

ஊசி ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தூக்கி, காரில் போட்டு, அவ்வளவு தூரம். வேண்டாம் என்று நான் சொன்னால் எடுபடுமா? நான் யார்? செய்வினை வைத்தவள். வைத்தவள் சொன்னால் எதை நம்புவார்கள்?

அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. சரசுவின் தலைக்கு மேலாக எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம்.

"எடுத்துட்டேன், சரசு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவாங்க்கா?"

"காத்தாலயே எடுத்துட்டேன். இனிப் பயமில்ல. ஆனா ஒண்ணு. டாக்டரு போலாம்னு சொல்ற வரைக்கும் புள்ளைய அந்தக் கட்டில உட்டு எறக்கக் கூடாது. வெளிய தூக்குனீங்கன்னா நான் எடுத்தது பலிக்காது."

"ஊசி?"

"போடோணும். ஊசி போட்டாத்தான் முழுசா எறங்கும்."

என் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். சாக்கை விலக்கி, பட்டன்களை எல்லாம் வழித்து ஒரு துணியில் முடிந்தேன். அந்தச் சின்ன வெள்ளைப் பட்டனையும் சேர்த்துத்தான். "போற வழியில நொய்யல்ல போட்டுரு. திரும்பிப் பாக்காத" என்றேன். திரும்பிப் பார்க்காதே என்பது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, தானாக வந்தது. சரசு முந்தானையில் வாங்கிக்கொண்டு போனாள்.

கதவு சாத்தியதும் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "உன்ற வாயாலயே ஒத்துக்கிட்டயே கண்ணு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பின்கட்டுக்கு ஓடுவேன். டெலக்ஸில் தப்புத்தப்பாகத் தட்டி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அட்டையில் பகடை கெட்டால் இன்னொரு ஆட்டம் போடலாம். இங்கே எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து என்ன வருகிறது என்று பார்க்க வழியில்லை. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று பழனிசாமியின் தம்பி வந்து வாசலில் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்வி வீடு திரும்பினாள். ஜன்னல் சந்து வழியாகப் பார்த்தேன், அப்பன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே வீட்டுக்காரம்மா வந்தார். அதுவரை என்னை "ஏ புள்ள" என்று கூப்பிட்டவர், கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"உங்களக் குத்தஞ் சொல்லலீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வேற ஊடு பாத்துட்டீங்கன்னா நல்லதுங்க."

ஒரே பேச்சில் எத்தனை "ங்க"! மரியாதையைக் கேட்டு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

ஊரின் மறுபக்கம் வீடு பிடித்தோம். அங்கேயும் செய்வினைக்காரி என்ற பேர் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்தாள். புருஷனுக்கு வேறு தொடுப்பாம். அந்தத் தொடுப்புக்காரிக்குக் கை கால் விளங்காமல் ஏதாவது வைத்துத் தர வேண்டுமாம். நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன். அவள் அதைப் பேரம் என்று நினைத்து இன்னொரு தரம் வந்தாள். காதர் பாய்க்கும் கதை எட்டியிருந்தது. "என் கடைப் பட்டனுக்கு இவ்வளவு சக்தின்னு தெரியாமப் போச்சே தாயி, வெலைய ஏத்தியிருப்பேனே" என்று சிரித்தார். ஊரில் சிரித்தது அவர் ஒருவர்தான். எனக்கு உள்ளூரில் வரன் அமையவில்லை. இந்தக் கதை எட்டாத தூரத்தில், தர்மபுரியில் ஒரு நல்ல மனிதர் கிடைத்தார். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துத்தான் அவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார்.

சங்கத்துக்கு எழுதினேன். இனி விளையாட முடியாது, பெயரை எடுத்துவிடுங்கள் என்று காரணத்தோடு எழுதினேன். என் சொந்த வார்த்தைகளாக நான் கடல் தாண்டி அனுப்பிய முதல் கடிதம் அதுதான். செயலாளர் பதில் போட்டார். முதல் வரியில், குழந்தை நலமா என்று கேட்டிருந்தார். பெயரை எடுக்கவில்லை. சங்கத்தில் ஒருவருக்கு மனைவி படை முழுவதையும் குப்பையில் கொட்டிவிட்டாள், இன்னொருவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கண்ணை மூடி மனசிலேயே ஆடுகிறார், நீங்களும் ஆடாமலே உறுப்பினராக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். பத்திரிகை தொண்ணூறுகளின் தொடக்கம் வரை வந்தது. நான் அட்டை எதுவும் விரிக்கவில்லை. வந்ததை எல்லாம் படித்தேன்.

சரசுவை மறுபடி பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், பழைய பஸ் ஸ்டாண்டில். கணவருக்குத் திருப்பூரிலேயே வேலை கிடைத்து நாங்கள் திரும்பி வந்திருந்த சமயம். பல்லடம் பஸ் நிற்கிற இடத்தில், தாவணி போட்ட ஒரு பெண்ணோடு நின்றிருந்தாள். மூக்கும் முழியும் பார்த்ததும் தெரிந்துவிட்டது, செல்வி. கிட்டே போய், என்ன படிக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றிருந்தது. இரண்டு எட்டு வைத்தேன். சரசு என்னைப் பார்த்தாள். அவள் கை மகளைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் நகர்த்தியது. பிறகு, கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள். மாரியம்மன் சன்னதியில் கும்பிடுகிறார்களே, அப்படி. அம்மாவின் தோளுக்கு மேலாக அந்தப் பெண் எட்டிப் பார்த்து, யார் என்று தெரியாமலே சிரித்தாள். பஸ் வந்துவிட்டது.

வளவு இருந்த இடத்தில் இப்போது பிரிண்டிங் யூனிட் நிற்கிறது. நல்லி இருந்த மூலையில் ஜெனரேட்டர். வீட்டுக்காரம்மா போய்விட்டார், காதர் பாய் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். டெலக்ஸ் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள் என்று கேள்வி. சங்கம் இருக்கிறதா, இல்லையா, யாரைக் கேட்பது? தனித்தனியாக இருந்தவர்கள் தனித்தனியாகவே போயிருப்பார்கள். போன மாதம் ஒரு வேலையாக அந்தத் தெரு வழியாக நடக்க வேண்டியிருந்தது. வாசலில் வடக்கத்திப் பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டு டீ குடித்தார்கள். என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, யாரும் ஒதுங்கவும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்து, வேகவேகமாக அந்த இடத்தைத் தாண்டினேன்.